முகூர்த்த நேரத்துக் கெண்டை

முட்டையிட ஆற்றில் மேலேறும் மீன் அணைக்கு வந்தால், அது அடிபடாமல் இருக்க மின் டர்பைனை நிறுத்த வேண்டும். அது ஏறி முடியும்வரை ஊருக்கு மின்சாரம் கிடையாது. இந்தப் பருவத்தில் ஒன்றுகூட வரவில்லை. தங்கை மகளின் கல்யாணத்துக்கும் போகாமல் அணையின் மின்நிலையப் பணியில் காத்திருந்த கோமதியின் கேமராத் திரையில், சரியாக முகூர்த்த நேரத்தில், சினை நிறைந்த கெண்டை ஒன்று வந்து நின்றது.

தங்கையை அழைத்தாள். "வடிவு, சினைக் கெண்டை ஒண்ணு வந்திருக்கு. கரண்ட்டை நிறுத்தணும்டி."

"மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பாங்கக்கா. தாலி கட்டி முடியட்டும், பொறு."

"அதுக்குள்ள திரும்பிடும். அப்புறம் இந்த வருஷம் ஆத்துல குஞ்சே இருக்காது."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா கைபேசியை வாங்கிக்கொண்டார். "புள்ளத்தாச்சியை வாசல்ல நிக்கவைக்கிறதா? நிறுத்துங்கம்மா. எங்க வீட்டு ஆம்பளைங்க கொஞ்சம் விசிறட்டும்."

கடவுளைக் கும்பிட்டுக் கோமதி விசையை இறக்கினாள். கெண்டை துள்ளி மேலேறியபோது, கைபேசியில் மைக் இல்லாமலே கெட்டிமேளம் கேட்டது.