கீறாத இலை

அந்த அம்மா இலையைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தன் கன்னத்தில் உரசிப் பார்த்தார்.

மீன் தொட்டிக்கான செடிகளைப் பதினெட்டு வருடமாக விற்கிறேன். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்கள் உண்டு. முகர்ந்து பார்த்தவர்கள் உண்டு. ஒருவர் கடித்தே பார்த்தார். கன்னத்தில் உரசியவரை அன்றுதான் கண்டேன்.

“கண்ணு ரெண்டும் வெளிய பிதுங்கிக்கிட்டு நிக்கிற மீனுங்க. இலை கூரா இருந்தா கீறிடும்ல?” என்றார்.

பிளாக் மூர். கன்னங்கரேலென்று இருக்கும் தங்கமீன் வகை. முகத்தின் இரண்டு பக்கமும் யாரோ கண்களைத் தனியாக உருட்டி ஒட்டவைத்தது போலிருக்கும். வீட்டில் ஒரு ஜோடி இருக்கிறதாம்.

அவர் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. விரல் நுனியெல்லாம் சாக்பீஸ் தூள். தையல் மெஷினிலிருந்து நேராக எழுந்து வந்திருக்க வேண்டும்.

என் கடைக்கு வருகிறவர்கள் பொதுவாக ஒன்றைத்தான் கேட்பார்கள். எது பார்க்க அழகாக இருக்கும்? சிவப்பா, சுருட்டையா, எது விருந்தாளிகள் கண்ணில் படும்? மீனின் கட்சியில் நின்று பேச இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

ஆழம் பார்க்கலாம் என்று, இறகு போன்ற இலைகள் கொண்ட ஒரு கொத்தை நீட்டினேன். நன்றாக விற்கும் செடி.

“பஞ்சு மாதிரிதான் இருக்கு. ஆனா ரெண்டே நாள்ல மேஞ்சு மொட்டையடிச்சிடும்.”

மணலில் நட வேண்டிய ஒன்றைக் காட்டினேன்.

“மண்ணைக் கிளறாம இதுங்களுக்குப் பொழுதே போகாது. வேரோட பிடுங்கி மிதக்க விட்டுடும்.”

சரி, மேலே மிதக்கும் செடி?

“ஏற்கனவே பார்வை மந்தம். வெளிச்சத்தையும் மறைச்சா எப்படிங்க?”

பரீட்சை வைத்தவன் நான். வியர்த்ததும் எனக்குத்தான்.

கடைசியில் அவரே மூலைத் தொட்டிக்குப் போய் அனுபியாஸை எடுத்தார். தோல் போலத் தடித்த இலை. கசக்கும், மீன் வாய் வைத்தாலும் துப்பிவிடும். மண் வேண்டாம், கல்லில் கட்டிவிட்டால் வேர் பற்றிக்கொள்ளும். மாதத்துக்கு ஓர் இலை விட்டாலே அதிகம் என்பதால் யாரும் சீந்தாத செடி.

ஐந்து எடுத்தார். ஐந்துக்கும் கூழாங்கற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துப் பொறுக்கினார். கட்டிக் கொடுக்க நான் நைலான் நூலை இழுத்தபோது கையைக் காட்டித் தடுத்தார்.

அவர் பையிலிருந்து ஒரு நூல்கண்டு வந்தது. பருத்தி நூல். அந்த இலைக்கென்றே சாயம் போட்டது போன்ற பச்சை.

“நைலான் அப்படியே கிடக்கும். இது வேர் பிடிக்கிற வரைக்கும் தாங்கும். அப்புறம் தன்னால மக்கிப் போயிடும்.”

மூன்றே சுற்று. முடிச்சு கல்லுக்கு அடியில். கட்டிய இடம் எனக்கே தெரியவில்லை. பதினெட்டு வருடம் நைலான் கட்டிய என் கைகளை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டேன்.

“இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்கம்மா?”

“பையன் வாங்கின மீனு. பார்த்துக்கிறது எங்க மருமக. அவ செய்யறதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஒட்டிக்கிச்சு. ஒண்ணுக்கு ஏதாவது ஆனாலும் அவ தாங்க மாட்டா.”

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி எத்தனையோ குடங்கள் உடைந்திருக்கின்றன. ‘எங்க மருமக’ என்று ஒருவர் இவ்வளவு இதமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான்காக மடித்த தாளொன்றை விரித்தார். தொட்டி வைக்கப்போகும் இடத்தின் நீளம், அகலம், ஜன்னல் இருக்கும் திசை, வெயில் எத்தனை மணி வரை விழுகிறது, எல்லாம் அதில் இருந்தது. போய் நின்று நாடா பிடித்து அளந்திருக்கிறார்.

“அங்க போர் தண்ணி. உப்பு ஜாஸ்தி. செடி தாங்குமா?”

“செடி தாங்கும்மா. மீனைத்தான் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணும்.”

“மூணு வாரமா அந்தத் தண்ணியை பஸ்ல கொண்டுவந்து தினம் ஒரு சொம்பு கலந்துக்கிட்டிருக்கேன்.”

நாற்பது தொட்டி வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் எனக்குப் பழக்கம். ஒருவரும் இதைச் செய்யமாட்டார்கள்.

“வீடு மாத்துறீங்களா?”

“நான் இல்ல. மீனுங்க போகுது.”

ஞாயிற்றுக்கிழமை மீன்கள் அங்கே போய் இறங்குமாம். புது இடத்தில் மிரண்டால் ஒளிந்துகொள்ள, முன்னதாகவே அங்கே இலை இருக்க வேண்டுமாம். சனிக்கிழமை நானே கொண்டுபோய் வைக்கிறேன் என்றேன். வேறு யாரையும் அனுப்ப மனம் வரவில்லை. விலாசம் சொன்னார், எழுதிக்கொண்டேன்.

“யார் பேர் போடட்டும்? பையன் பேரா?”

அவர் நூலைக் கண்டில் சுற்றத் தொடங்கினார். முழுக்கச் சுற்றி முடித்த பிறகுதான் பேசினார்.

“பையன் போய் மூணு வருஷம் ஆச்சுங்க. மாப்பிள்ளை பேர் போடுங்க.”

“பொண்ணுக்குக் கல்யாணமாம்மா?”

“எனக்கு ஒரே பையன்தான். ஞாயித்துக்கிழமை எங்க மருமகளுக்குக் கல்யாணம்.”

என் பேனா அந்த விலாசத்தின் மேலேயே நின்றுவிட்டது. பிறகு எதையாவது செய்ய வேண்டுமே என்று செடிகளை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். மூடியை அழுத்தும்போது கேட்டேன்.

“அங்க யார் குடுத்துவிட்டாங்கன்னு கேட்டா என்னம்மா சொல்லட்டும்?”

அவர் யோசிக்கவே இல்லை.

“பொண்ணு வீட்டுல இருந்துன்னு சொல்லுங்க.”