வெறும் இடைவெளி

“வரிகளுக்கு முன்னாடி இருக்கிற இடைவெளியைத்தானம்மா சரி பண்ணியிருக்கேன். அதை மறைச்சுட்டுப் பாரு, எதுவும் மாறலைன்னு காட்டும். ஓகே போடு,” என்றார் மேனேஜர் நவநீதன்.

பழைய புரோகிராமையும் புதியதையும் ஒப்பிட்ட திரை அப்படித்தான் காட்டியது. ஆனாலும் தேயிலை ஃபேக்டரியின் எடை புரோகிராமுக்கு, அதைச் சரிபார்க்கும் சசிரேகா ஓகே போடவில்லை.

“எது நகர்ந்தாலும் காட்டத்தானுங்க சார் இந்த டூல்.”

“திமிரா?”

“ஆமாங்க.” மறைத்ததைத் திறந்தாள்.

‘மழை பெய்தால்’ என்ற வரிக்குள் அடங்கியிருந்த ‘எடையில் ஈரத்தைக் கழி’, இடப்பக்கம் நகர்ந்து, மழைக்குக் கட்டுப்படாமல் தனியாக வெளியே நின்றது.

“ஏனுங்க சார், இனிமே வெயில் நாள்லயும் இலை நனைஞ்சே வருமுங்களா?”

நவநீதன் அவசரமாக எழுந்து கதவருகே போனார்.

“சாத்தாதீங்க சார். வெளிய இலை எடை போட வந்த விவசாயிங்களுக்கும் கேக்கட்டும்.”