ரெண்டு கீறல்

"ஆத்துக்குப் போய்வந்தது அடையாளத்தோடதான் வரும்" என்று பெரியப்பா ஒரு சொல் சொல்லுவார். அதற்கு முன்னால் இன்னொரு வரியும் உண்டு. மாட்டைப் பற்றியதா, மனிதரைப் பற்றியதா என்று மறந்துபோயிற்று. ஆறு என்று அவர் சொன்னது எங்கள் வாவியைத்தான்.

"டேய், ஊரார்ட தோணியெல்லாம் கீறுறியாம்! ஆர் தந்த அதிகாரம்?"

மீனவர் சங்கத் தலைவர் வினாயகமூர்த்தி துறைக்கு வந்த வேகத்தில் ஒரு செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது.

பிரதீஸ் நிமிர்ந்தான். கையெல்லாம் கரி. அவனுக்கு முன்னால் கவிழ்த்துப் போட்ட தோணி. அதன் மேல் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி.

"தோணியக் கீறல்ல, தலைவர். தோணியில கிடக்கிற கீறலத்தான் எடுக்கிறன்."

"இதென்ன விசர்க்கதை?"

எங்கள் பக்கம் படம் வரைவதும் கீறுவதுதான், தோணியைச் சிராய்ப்பதும் கீறுவதுதான். சொல் ஒன்றுதான். வழக்கும் அதனால் வந்ததுதான்.

பிரதீஸ் சித்திரம் படிக்கிறவன், கடைசி வருடம். வாவி, பாலம், மாலைச் சூரியன் என்று அவன் கொண்டுபோன படமெல்லாம் திரும்பி வந்தன. "இது கலண்டர். இதில நீ எங்க இருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டார் மிஸ்.

அந்தக் கோபத்தோடு வந்து துறையில் ஒரு தோணியில் சாய்ந்தான். தார் காயவில்லை. சேர்ட்டைக் கழற்றிப் பார்த்தால் முதுகெல்லாம் கறுப்பு. கறுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். தோணியின் கீறல் விழுந்த இடங்களில் மட்டும் தார் ஒட்டவில்லை.

அம்மா சேர்ட்டை எறியச் சொன்னாள். அவன் அதை ஆணியில் மாட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அடுத்த நாளே துணியும் கரியுமாகத் துறைக்கு வந்துவிட்டான். தோணியில் துணியை விரித்துக் கரியால் தேய்த்தால் போதும், கீறல் அப்படியே வெள்ளையாக எழும்பி வரும். ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு கதை இருந்தது.

"இது முதலை, மனே" என்றாள் ஆச்சிப்பிள்ளை மாமி, தன் வீட்டுத் தோணியைத் தடவி. "அவர்ட காலுக்கு வந்தது, தோணிக்குப் பட்டுது."

"இது?"

"அது நான். கத்தியால ஒரு போடு போட்டன். அதுவும் அவருக்குத்தான் வந்தது."

அந்தத் தோணி போன வெள்ளத்தில் பிளந்தது. தோணி பழுதானவர்களுக்கென்று நிவாரணத் தோணி வந்தபோது மாமி வீட்டுக்குக் கிடைக்கவில்லை. "நாள் தவறாமத் தொழிலுக்குப் போறவனுக்குத்தான் முதலிடம்" என்று தலைவர் கூட்டத்தில் சொல்லிவிட்டார். ஒட்டுப் போட்டு இன்னும் ஓட்டுகிறார்கள்.

இதையெல்லாம் பிரதீஸ் தலைவரிடம் சொல்லவில்லை. கடைசி வருடப் பரீட்சைக்கு அவன் வைக்கவேண்டிய கண்காட்சியைப் பற்றி மட்டும் சொன்னான்.

"வலை காயப்போடுற கம்பியிலதான் துணியெல்லாம் தொங்கவிடப்போறன். மிஸ்மாரும் இங்க வந்துதான் மாக்ஸ் போடுவாங்க. சங்கத்து இடம், நீங்கதான் ஓம் சொல்லவேணும்."

"பேப்பர்காரரும் வருவாங்களா?"

"வருவாங்க."

தலைவரின் முகம் மாறிவிட்டது. "அப்ப என்ட தோணி எங்கடா? நடுக்கம்பியில என்டதுதான் தொங்கவேணும். விளக்கும் நான்தான் ஏத்துவன்."

அன்று பின்னேரமே பிரதீஸ் அவருடைய வீட்டு வளவுக்குப் போனான். மாமரத்துக்குக் கீழே, படங்கு போர்த்தி, நிவாரணத்தில் வந்த பைபர் தோணி. துணியை இறுக்கிக் கட்டித் தேய்த்தான். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை தேய்த்தான். கரி முடிந்து வேறு கரி எடுத்தான்.

துணி முழுக்க ஒரே கறுப்பு. ஒரு கோடு இல்லை.

"என்னடா, ஒண்டும் விழல்லயே?"

"இரிந்தாத்தானே விழும், தலைவர்."

தலைவர் துணியைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"இத நடுவில தொங்கவிட்டா, இந்தத் தோணி ஆத்தையே காணல்ல எண்டுதானே சனம் கதைக்கும்?"

பிரதீஸ் துணியின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினான்.

"நீ சித்திரம் படிக்கிறவன்தானே? ரெண்டு கீறல் நீயே கீறிவிடு. ஒரு முதலையும் போடு."

"தலைவர்..."

"இல்லாட்டி என்ட கம்பியில ஒரு துணியும் ஏறாது. மறுகா உன்ட மாக்ஸ மிஸ்ஸிட்டயே கேட்டுக்கொள்."

அழிறப்பர் ஒன்று போதும். கரியில் இழுத்தால் வெள்ளைக் கோடு விழும். அவன் கைக்கு அது ஒரு வேலையே இல்லை.

தன் வீட்டுத் தோணியின் துணியைப் பார்க்கப் பிரதீஸ் வீட்டுக்கு வந்த மாமி, பக்கத்தில் கிடந்த கறுப்புத் துணியைக் கண்டாள்.

"இதென்னகா, அமாவாசையா?"

"தலைவர்ட தோணி, மாமி."

மாமி சிரிக்கத் தொடங்கி நிறுத்திவிட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"கீறிக் குடு, மனே" என்றாள் கடைசியில். "ரெண்டு கோடுதானே. எங்களுக்கு வராத தோணி இனி வரப்போறதில்ல. அதுக்காக நீ உன்ட படிப்பக் கெடுக்காத."

கண்காட்சியன்று விடிந்ததும் பிரதீஸ் துறைக்குப் போனான். மூட்டையை அவிழ்த்து முதலில் தலைவரின் துணியை எடுத்தான். ஒரு கோடும் கீறாமல், அவர் கேட்ட நடுக்கம்பியில் கட்டினான்.