சிவநேசம் போடாத கையெழுத்து

"பக்கத்துப் பண்ணை வெள்ளைக்காரர் எல்லாம் கையெழுத்துப் போட்டிட்டினம். எங்கட ஆள் ஒருத்தர்தான் பிகு பண்ணுறார்!"

காருக்குள் தாட்சாயினி பொரிந்து தள்ளினாள். கஜீவன் தலையாட்டியபடி ஓட்டினான். ஏழு மாதக் கர்ப்பிணியோடு வாதாடி வென்ற கணவன் எவனும் இல்லை.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. மொன்றியலின் மேற்குக் கோடியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் ஓர் ஓடைக்கு அருகில் அவர்கள் வாங்கிய வீடு கட்டி முடிந்து, ஜன்னலில் ஒட்டிய ஸ்டிக்கர்கூட உரிக்காமல் பூட்டிக் கிடந்தது. கழிவுநீர் இணைப்புக்கு அனுமதி வரவில்லை.

பண்ணைகளில் போடும் உரம் மழையில் கரைந்து வந்து, கோடையில் ஓடை பச்சைப் பாசியாகிவிடுகிறதாம். புது வீடுகளின் கழிவும் சேர்ந்தால் ஓடை தாங்காது என்றது நகரசபை.

அரசாங்கம் ஒரு வழி சொன்னது. ஓடைக்கரைக் காணியில் உரம் போடுவதை நிறுத்தி, மரம் நட விடுகிற பண்ணைக்காரருக்குப் பணம் தருவோம். அந்த அளவுக்கு ஓடையில் உரம் குறையும். அதற்கு ஈடாக வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கலாம்.

எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள். மரக்கறித் தோட்டம் செய்யும் சிவநேசம் மட்டும் மிச்சம். அவர் காணியும் சேர்ந்தால்தான் கணக்குச் சரிவரும்.

நகருக்குள், கோட்-டெ-நெய்ஜில் இவர்கள் இருந்த ஒற்றை அறை அப்பார்ட்மென்டை ஜூன் கடைசியில் விட வேண்டும். வீட்டுக்காரர் தன் மகளுக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஜூலை முதலாம் தேதி மொன்றியலில் பாதிப் பேர் வீடு மாறுவார்கள். இவர்களுக்குத்தான் மாறிப்போக வீடு இல்லை.

கார் தோட்டத்தில் போய் நின்றபோது சிவநேசம் பாத்தி கொத்திக்கொண்டிருந்தார். வந்தவர்களைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

"வாங்கோ. தேத்தண்ணி குடிக்கிறியளே?"

"தேத்தண்ணி வேண்டாம் அண்ணை. உங்கட கையெழுத்துத்தான் வேணும்."

"அது நான் போடேலாது பிள்ளை."

"ஏன், அவை தாற காசு காணாதோ?"

"கூடிப்போச்சு."

நக்கலைப் பார்! தாட்சாயினிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஓடைக்கரையிலை வெறும் புல்லுத்தானே அண்ணை கிடக்கு. அதைக் குடுத்தா உங்களுக்கு என்ன நட்டம்?"

"ஒரு நட்டமும் இல்லை. அதுதான் பிரச்சினை."

"தாட்சா, வாரும் போவம்" என்று கஜீவன் மெல்ல இழுத்தான். அவள் நகரவில்லை.

"இந்த வயித்தோடை நான் எங்கை போறது அண்ணை?" குரல் உடைந்துவிட்டது.

சிவநேசம் மண்வெட்டியைக் கீழே போட்டார். கொத்திய பாத்திகளைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார்.

"யோசிச்சுப் பாக்கிறன் பிள்ளை. அழாமல் போயிட்டு வாங்கோ."

கார்க் கதவு படாரென்று சாத்தப்பட்டது.

"யோசிக்கிறாராம்! எவ்வளவு கூட்டிக் கேக்கலாம் எண்டுதானே யோசிக்கிறார்? காசுப் பேய்!"

வெள்ளிக்கிழமை கோயிலிலும் அதையே சொன்னாள். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போகப் போக, சிவநேசம் கேட்காத தொகை வளர்ந்துகொண்டே போனது. இந்தக் கோடை அந்த ஆளிடம் மரக்கறி வாங்குவதில்லை என்று சிலர் சபதமே எடுத்துவிட்டார்கள்.

ஜூன் தொடங்கியதும் அனுமதி வந்துவிட்டது.

தாட்சாயினி போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். கஜீவனுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வந்து, அன்றுதான் மனுஷன் அடித்துப் போட்டதுபோல் தூங்கினான்.

"கேட்டதைக் குடுத்திருப்பினம், இறங்கி வந்திட்டார்" என்றாள் தாட்சாயினி. சந்தோஷத்தில் அவளுக்குச் சிவநேசத்தின் மேல் இருந்த கோபம்கூடப் பாதியாகக் குறைந்திருந்தது.

ஜூலை முதலாம் தேதி சாமான்கள் புது வீட்டுக்குள் இறங்கின. பின்கதவைத் திறந்தால் கண்ணெதிரே ஓடை. அக்கரையில் புதிதாக நட்ட மரக்கன்றுகளைப் பார்வையிட்டு முடித்து, சின்னப் பாலத்தால் வந்துகொண்டிருந்தாள் ஜொய்சி. நகரசபையில் இந்தத் திட்டத்தைப் பார்க்கும் தமிழ்ப் பெண்.

"வீடு பிடிச்சிருக்கோ அக்கா?"

"பிடிக்காமல்? அது சரி, கடைசியிலை எவ்வளவுக்குப் படிஞ்சவர் உங்கட சிவநேசம்?"

"அவர் ஒரு சதமும் கூட்டிக் கேக்கேல்லையே."

"அப்ப ஏன் இவ்வளவு நாள் இழுத்தடிச்சவர்?"

"கரையிலை அவர் உரம் போட்டு வருசக்கணக்காச்சாம். எங்களுக்கு அது தெரியாது. போடாத உரத்தை நிப்பாட்டினன் எண்டு காசு வாங்கினால், உங்களுக்கு வீடு வரும், தண்ணி பச்சையாத்தான் கிடக்கும், நாளைக்கு அந்தப் பிள்ளையின்ரை குழந்தை இதுக்குள்ளைதானே கால் நனைக்கும் எண்டு கேட்டார்."

தாட்சாயினியின் கை தன்னையறியாமல் வயிற்றுக்குப் போனது.

கஜீவன்தான் கேட்டான். "அப்ப எங்களுக்கு எப்பிடி அனுமதி கிடைச்சது?"

ஜொய்சி திரும்பி அக்கரையைக் காட்டினாள். மரக்கன்றுகள் கரையோடு நிற்கவில்லை. மேட்டில் ஏறி, சிவநேசத்தின் வீட்டு வாசல்வரை போயிருந்தன.

"உண்மையா உரம் போட்டுக்கொண்டிருந்த இடத்தைத் தந்தார் அண்ணை. கரைக்குச் சொன்ன அதே காசுக்கு, இனிக் குனிஞ்சு கொத்தத் தேவையில்லை எண்டு சிரிச்சுக்கொண்டு, தன்ரை தோட்டம் முழுக்க."