கருஞ்சிவப்பு நாடுகள்

புதிர் விளையாட்டில் தன் முறை மட்டும் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே செண்பகம் சமோசாத் தட்டை வைத்தாள். அவள் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள் என்பது கணவனின் ஆபீஸ் நண்பர்களுக்குத் தெரியாது.

டிவியில் உலக வரைபடம். ஒரு நாட்டுக்கும் பெயர் இல்லை. இந்தியாவும் ஆப்பிரிக்காவில் பல இடங்களும் கருஞ்சிவப்பாக இருந்தன. அந்த நிறம் எதைக் காட்டுகிறது என்று சொல்ல வேண்டும்.

"டீ நிறைய குடிக்கிற நாடுங்க," என்றான் ஹரீஷ்.

"உனக்கு எப்பவும் டீ நெனப்புதான்," என்றாள் ரோஹிணி. "செண்பகம், நீங்க சொல்லுங்க. முப்பத்தஞ்சு வயசுதானாமே உங்களுக்கு? என்னைவிடச் சின்னவங்களைப் போய் இத்தனை நாளா அக்கான்னு கூப்பிட்டிருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"நெல்லு விளையுற இடமாங்க?" என்றாள் செண்பகம் மெதுவாக.

அவள் கணவன் இளங்கோ ரிமோட்டை அழுத்தினான். 'பதினெட்டு வயதுக்குள் பெண்களுக்கு அதிகம் திருமணமாகும் நாடுகள்' என்று விடை வந்தது.

"சே, படிக்கிற பொண்ணுங்களைப் போய்," என்றாள் ரோஹிணி. "கட்டிக்கிறவனைப் பிடிச்சு உள்ள போடணும்."

இளங்கோ டிவியை அணைத்துவிட்டான். யார் முகத்தையும் அவன் பார்க்கவில்லை.

"சரி, கேக்கை வெட்டலாம். நான் எடுத்துட்டு வரேன்," என்று ஹரீஷ் எழுந்தான்.

"நீங்க இருங்கண்ணா," என்று செண்பகம் சமையலறைக்கு விரைந்தாள்.

பெட்டியைத் திறந்தாள். இளங்கோ ஆசையாகக் கடையில் சொல்லிச் செய்யவைத்த கேக். 'திருமண நாள் வாழ்த்து' என்ற வரிக்கு மேல், கிரீமில் பெரிதாக இருபது என்று எழுதியிருந்தது. அந்த எண்ணை மட்டும் விரலால் வழித்து அவள் வாயில் போட்டுக்கொண்டாள்.