பனி டயர்

“இந்த டயரோட மலைப்பாதையில போகப் போறீங்களா? தைரியந்தான் மேடம்.”

டயர் கடைக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் காரின் முன்சக்கரத்தைத் தடவினார். மொட்டைத் தலையைத் தடவுவது போல இருந்தது.

“எல்லாக் காலத்துக்கும் ஓடும்னுதான் என் வீட்டுக்காரர் சொன்னாரு,” என்றாள் அவள்.

“ஓடும். நிக்காது. எல்லாக் காலத்துக்கும்னு விக்கிற டயர், எல்லார்கிட்டயும் நல்ல பேர் வாங்குற சொந்தக்காரன் மாதிரி. ஆபத்துன்னா ஆளைக் காணோம். குளிர்ல இந்த ரப்பர் கல்லாயிடும் மேடம். பனிக்குன்னே மெத்துனு ஒரு டயர் வருது, அதுதான் ரோட்டைப் பிடிக்கும். இன்னிக்கு ராத்திரி பனி கொட்டுமாம். அவசியம் போகணுமா?”

“போகணும்.”

பின்சீட்டில் பெட்டி இருந்தது. காலையில் கணவன் ஆபீஸ் காரில் கிளம்பிப் போனதும் அடுக்கியது. திரும்பி வருவதாக இல்லை.

போன வாரம் மழையில் இதே வண்டி வழுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, பாலத்துச் சுவரை உரசுவது போல நின்றது. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது, அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்: “வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?”

அதோடு அவன்மேல் இருந்த ஒட்டுதல் விட்டுப் போயிற்று.

மலைக்கு அந்தப் பக்கம் தங்கை இருக்கிறாள். அவள் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் இவள் கைப்பையில் கிடக்கும். சாவியின் தலையில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி. தன் பொருள் எதுவானாலும் தங்கை ஒரு புள்ளி வைத்துவிடுவாள். பென்சில், சீப்பு, சைக்கிள் என்று எல்லாவற்றையும் அக்காவோடு பங்குபோட்டே வளர்ந்தவள். அப்போது பிடித்த பழக்கம்.

கிளம்பும்போதே தங்கைக்குப் போன் செய்திருந்தாள். “இப்ப வராதேக்கா,” என்று தங்கை பதறினாள். “உன் டயரை நினைச்சாலே பயமா இருக்கு. என் வண்டிக்கே இன்னும் பனி டயர் மாத்தல. சனிக்கிழமை மாத்திட்டு நானே வந்து உன்னைக் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் அத்தான்கிட்ட வாயைக் கொடுக்காம இரு.”

இந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கு அவனுக்கு இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே வந்திருந்தாள்.

“அப்ப பனி டயரே போட்டுடலாம். பில்லுக்கு போன் நம்பர் சொல்லுங்க.”

எங்கே நம்பர் கேட்டாலும் கணவனுடையதைச் சொல்லியே வாய் பழகிவிட்டது. சொன்னாள்.

கம்ப்யூட்டரில் தட்டிய கடைக்காரர் நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஐயையோ. நீங்க சாரோட வீட்டம்மாவா?”

“ஏன், என்ன?”

“ஒண்ணுமில்ல... சரி, இனிமே மறைச்சு என்ன. உங்களுக்குப் புதுசா எதுவும் வேண்டாம் மேடம். சாரே போன வாரம் பழைய ரிம் நாலு கொண்டாந்து, இருக்கிறதுலயே உசத்தியான பனி டயர் ஏத்தச் சொன்னாரு. பின்னாடி ஷெட்ல இருக்கு. சனிக்கிழமை வந்து எடுத்துக்கிறேன், வீட்டம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னாரு. நான் ஒரு ஓட்டவாய்.”

“அவரா?”

“ஒரு மணி நேரம் நின்னாரு மேடம். பிரேக் போட்டா எங்க நிக்கும், வளைவுல எப்படின்னு என் உயிரை வாங்கிட்டாரு. நானும் இத்தனை வருஷம் கடை நடத்துறேன், பொண்டாட்டிக்காக இப்படிப் பயந்த மனுஷனைப் பார்த்ததில்ல.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். வீட்டில் ஒரு பல்பு மாற்றாதவன். போனைப் பார்த்துக்கொண்டே கேட்டது எல்லாம் காதில் விழுந்துதான் இருக்கிறது. சொல்லத் தெரியாத ஜென்மம். இதற்குப் போய்ப் பெட்டி கட்டினோமே என்று வெட்கமாக இருந்தது.

தங்கைக்குப் போன் போட்டாள்.

“நான் வரலடி. உங்க அத்தான் எனக்குத் தெரியாம பனி டயர் வாங்கி ஒளிச்சு வச்சிருக்காரு. நான்தான் பைத்தியக்காரி.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி. சட்டென்று அணைந்தது.

“கேக்குதா?”

“கேக்குது. எந்தக் கடையில இருக்கேக்கா?”

“இங்கதான், பஸ் டிப்போ பக்கத்துல. இரு, டயரைக் கொண்டு வர்றாங்க. அப்புறம் பேசறேன்.”

மெக்கானிக் ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து அவள் காரோடு வைத்துப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

“மொதலாளி, இது சேராது. இதுல நாலு ஓட்டை. மேடம் வண்டியில அஞ்சு போல்ட். இது சின்ன வண்டி ரிம்.”

“வேற யாரோடதையாவது மாத்தி எடுத்துட்டு வந்திருப்பே. கண்ணு எங்க இருக்கு உனக்கு?”

“இல்ல மொதலாளி, சார் கொண்டாந்த செட்டுதான். நல்லா ஞாபகம் இருக்கு. நாலுலயும் அடையாளம் வச்சிருக்கு, பாருங்க.”

அவன் கட்டைவிரலால் தூசியைத் துடைத்தான். காற்றடிக்கும் துளைக்குப் பக்கத்தில், சிவப்பு நெயில் பாலிஷில், ஒரு புள்ளி.