டிபனுக்குப் பிறகு ஒரு விசாரணை

"காலையில டிபன் முடிஞ்சதும் நீங்க என்ன சார் பண்றீங்க?"

வீட்டுப் போன் ஸ்பீக்கரில் கேட்டது ஆஸ்பத்திரிப் பெண். ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நெளிந்தார். இதே மாதிரிக் கேள்வி கேட்டு எத்தனையோ பேரைத் தண்ணி குடிக்க வைத்தவர் அவர்.

அவர் நெஞ்சில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். இதயம் தாளம் தப்பினால் தட்டிச் சரிசெய்யும். பகலில் நடந்ததையெல்லாம், அவர் தூங்கும்போது கட்டிலோரப் பெட்டி வழியாக ஆஸ்பத்திரிக்குப் போட்டுக் கொடுத்துவிடும்.

தினமும் காலையில் அந்தப் பதிவில் கோடுகள் கன்னாபின்னாவென்று கிறுக்கலாக வருகின்றனவாம். இதயத்துக்குப் போகும் ஒயரில் விரிசல் விட்டிருக்கலாம். அப்படியென்றால் மறுபடி கத்தி வைத்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால், கரண்டில் ஓடும் எதையோ அவர் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்கிறார். அதுதான் என்றால் தள்ளி நின்றாலே போதும்.

"பேப்பர் படிப்பேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"பேப்பர்ல கரண்ட் இல்லையே சார்."

ஊரிலிருந்து அன்று காலைதான் வந்திறங்கிய மகள், அப்பாவின் சட்டைப்பை செல்போனைச் சந்தேகமாகப் பார்த்தாள். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

எதிரே மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். சிக்கலே அதுதான். கல்யாணமான புதிதில் சாப்பிட்ட தட்டைக் கழுவப் போன மனிதரை, 'நம்ம வீட்டு ஆம்பிளைங்க இதெல்லாம் தொடறதில்ல' என்று சொந்தக்காரர்கள் நடுவில் கையைப் பிடித்து உட்கார வைத்தவர் இவர். இப்போது எந்த முகத்தோடு சொல்வது?

பின்பக்கம் தடதடவென்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டர் பாதி எழுந்தார். மனைவியை ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"சரிம்மா. ஆபரேஷனுக்கே நாள் குறிச்சிடுங்க."

மனைவிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கினாள்.

"கத்தியெல்லாம் வேணாம்மா! எங்க வாஷிங் மெஷின் துணி பிழியறப்ப ஆடி ஆடிக் கூடத்துக்கே நடந்து வந்துடும். துவைக்கிறது இவருதான். தினமும் அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிப்பாரு!"

மறுமுனையில் பெரிய இருமல். அந்தப் பெண் சிரிப்பை அடக்குகிறாள் என்பது போலீஸ்காரருக்குப் புரியாதா? ஒயருக்கு ஒன்றும் இருக்காது, மெஷினிலிருந்து ஒரு கை தூரம் தள்ளியே நில்லுங்கள், ஒரு வாரம் பார்த்துவிடலாம் என்றாள்.

உயிர் பிழைத்தது. மானம்தான் போய்விட்டது. இன்ஸ்பெக்டர் மெல்லத் தலையை நிமிர்த்தினார். எதிர் நாற்காலி காலி. வெளியே போய்ச் சிரிக்கிறார் போல.

தடதடப்பும் நின்றிருந்தது. அது பாட்டுக்கு நிற்கும் ரகமில்லையே! பதறிப்போய்ப் பின்பக்கம் ஓடினார்.

மாப்பிள்ளை சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, மெஷினை இரண்டு கையாலும் இறுக்கி, மூடிமேல் கன்னத்தைச் சாய்த்து, அதோடு சேர்ந்து குலுங்கிக்கொண்டிருந்தார். முதல் தடவை பிடிப்பவரால் அப்படிப் பிடிக்க முடியாது.

"எங்க வீட்டு மெஷினும் இதே கேஸ்தான் மாமா," என்றார் பல் கிடுகிடுக்க.

இன்ஸ்பெக்டருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சரியாக ஒரு கை தூரம் தள்ளி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முழங்காலையும் முட்டுக் குடுங்க மாப்பிள்ளை. கடைசிச் சுத்துலதான் தப்பிச்சு ஓடப் பார்க்கும்."